மகள் தேதி போட்ட நோட்டுகள்

கல்லூரியிலிருந்து போன் வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேசியது ஆபீசில் வேலை செய்யும் ஒரு பெண். தெலுங்கில், மரியாதையாகத்தான் சொன்னார். உங்கள் மகள் இரண்டு வருஷம் படித்துவிட்டு நின்றவள்; இந்த ஜூனில் வந்தால் மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வோம்; அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுகிறது, அப்புறம் முதலிலிருந்துதான் என்றார். ஃபீசை இரண்டு தவணையாகக்கூடக் கட்டலாமாம். நான் சரிம்மா, சரிம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசித்தேன்.

மகள் அப்போது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு செல்போன் கம்பெனியில், பாகங்கள் பொருத்தும் லைனில் நின்றுகொண்டிருந்தாள். சித்தூரில் நான் கேஷியராக இருந்த பெட்ரோல் பங்க், பங்காளிச் சண்டையில் மூடிக்கிடந்த மாதங்களில், "ஒரே ஒரு வருஷம் நைனா" என்று சொல்லிவிட்டுப் போனவள். பிறகு எனக்கு, நாங்கள் குடியிருக்கும் திருப்பதியிலேயே வேறு பங்கில் வேலை கிடைத்துவிட்டது. அவளுடைய ஒரு வருஷம் மட்டும் முடியவில்லை. ஷிஃப்ட் முடிந்து கால் வீங்கி வருகிறவளைப் பார்த்தால் எனக்கு யார் மேலாவது எரிந்து விழவேண்டும் போலிருக்கும். பெரும்பாலும் மனைவி மேல் விழுவேன். அவளும் சும்மா வாங்கிக்கொண்டு போகிறவள் இல்லை.

வீட்டில் விற்கிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் நோட்டு ஆல்பம்.

ஆல்பம் என்றதும் ராஜா காலத்து நோட்டு, வெள்ளைக்காரன் காலத்து நோட்டு என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் கையில் புழங்கிய நோட்டுதான். நோட்டில் முன்னெழுத்தை விட்டுவிட்டால் ஆறு இலக்க எண் இருக்கும். சில எண்கள் தேதியாக அமைந்துவிடும். நாள், மாதம், வருஷம் என்று படித்தால் யாரோ ஒருவருடைய பிறந்த நாள். காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு வேன்காரர் டீசலுக்குக் கொடுத்த நூறு ரூபாயில் என் மகளின் பிறந்த தேதி அப்படியே இருந்தது. 190705. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். என் பாக்கெட்டிலிருந்து ஒரு நூறைக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நோட்டு எண்ணும்போது என் கண் காந்தியைப் பார்த்ததே இல்லை, எண்ணைத்தான் பார்த்தது.

வருஷக்கணக்கில் சேர்த்ததில் ஆல்பம் தடித்தது. மகளுடைய தேதிக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினேன். பத்து, இருபது, ஐம்பது, நூறு, ஐநூறு என்று எல்லாவற்றிலும் அதே எண் வேண்டும் என்று வெறி. நூறும் ஐநூறும் என் கையிலேயே விழுந்தன. மற்றவற்றுக்கு என்னைப் போன்ற கிறுக்கர்களின் வாட்ஸப் குரூப் இருந்தது. ஒரு பத்து ரூபாய் நோட்டுக்காக என்னிடமிருந்த ஐந்து நல்ல தேதிகளைக் கொடுத்திருக்கிறேன். இப்போது பங்குக்கு வருகிறவர்கள் எல்லாம் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள். நோட்டைப் பார்ப்பதே அபூர்வம்.

போன் வந்த மறுநாளே ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் பழைய நாணயக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெலுங்குக்காரர். தமிழ் ஆட்களிடம் தமிழும் தெலுங்குமாகக் கலந்து பேசுவார். பக்கங்களை வேக வேகமாகப் புரட்டினார்.

"அண்ணா, இதி மாமூல் சரக்கு. எந்த தேதி யாருக்கு ஓணும்னு நான் எக்கட போய் தேடறது? மொத்தமா எடுத்துக்கறேன், ஆனா ரேட்டு பெருசா எதிர்பாக்காதீங்க."

மகளுடைய பக்கம் வந்ததும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு நோட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவது உறை காலியாக இருந்தது.

"ஒக்கே நம்பரு நாலு நோட்டுல! ஐநூறு எக்கட அண்ணா? அதி உண்ட்டே இது செட்டு. ஐநூறு இருந்தா சொல்லுங்க, செட்டுக்குத் தனியா ஆளு இருக்கான். லேதன்ட்டே, இல்லாட்டி, நாலு பேப்பர் துண்டு."

ஐநூறு இருக்கிறது என்றேன். எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

அது எங்கள் வீட்டு சாமி அலமாரியில், மஞ்சள் துணியில் முடிந்து, படத்துக்குப் பின்னால் இருந்தது. மகள் மூன்றாவது படிக்கும்போது காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். டாக்டர்கள் எங்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். மனைவி துணி எடுத்துவர வீட்டுக்கு வந்தவள், பெருமாளுக்கு முடிந்து வைக்கக் கையில் காசு தேடியிருக்கிறாள். மேஜை மேல் ஆல்பம் இருந்தது. அதிலிருந்து அந்த ஐநூறை உருவி, மஞ்சள் தோய்த்த துணியில் மூன்று முடிச்சுப் போட்டாள். இந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அப்படி முடிந்த காசு அந்த நிமிஷத்திலிருந்து சாமியுடையது. உண்டியலில் போடுகிறவரைக்கும் முடிச்சை யாரும் தொடக்கூடாது.

மகள் பிழைத்தாள். நாங்கள் உடனே மலைக்குப் போயிருக்க வேண்டும். மெட்ராசிலிருந்தும் சேலத்திலிருந்தும் மாதா மாதம் வருகிறார்கள். அடிவாரத்தில் குடியிருக்கிற எங்களுக்கு மட்டும் மலை என்றைக்கும் நாளைக்குத்தான். முதலில் பிள்ளைக்கு உடம்பு தேறட்டும் என்றோம். பிறகு என் பெரியப்பா செத்து ஒரு வருஷம் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது என்றார்கள். அது முடிவதற்குள் ஒரு நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

நான் அலமாரி முன்னால் போய் நின்றேன். அவிழ்த்து மாற்றிக்கொண்டு வேறு ஐநூறு வைத்துவிடலாம் என்றேன். மனைவி குறுக்கே நின்றுகொண்டாள். "சாமி துட்டுல கை வெக்காத." கெடு முடிந்தது. நோட்டு துணிக்குள்ளேயே செத்துப்போனது. அப்புறம் அவளுக்கே மலைக்குப் போகக் கூச்சம் வந்துவிட்டது. பிள்ளை உயிரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, செல்லாத நோட்டை எப்படிப் போடுவது? மஞ்சள் துணி அப்படியே படத்துக்குப் பின்னால் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அலமாரி துடைக்கும்போது எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு மறுபடி வைப்பாள்.

பேங்குக்கு ஆகாத அந்த நோட்டை இனி கேட்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் மலை மேல் இருந்தார், இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில். இதை நினைத்து நான் ஒரு வாரம் அலைந்தேன். பங்கில் இரண்டு தடவை மீதியைத் தப்பாகக் கொடுத்தேன். சோறு இறங்கவில்லை. ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவி எங்கே என்று மனைவியிடம் சண்டை போட்டேன்.

கடைக்காரரிடம் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"அட, இதுக்கா இவ்வளவு? நம்ம சாமி வட்டிகாசுலவாடு அண்ணா, வட்டி வாங்கற தெய்வம். நோட்ட வித்துடுங்க. செல்ற துட்டா ஐநூறும், வருஷத்துக்கு இவ்வளவுன்னு வட்டியும் சேத்து உண்டியல்ல போடுங்க. அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்றைக்கே வாங்குகிறவரையும் பார்க்க வைத்தார். மெட்ராஸ்காரர், குடும்பத்தோடு தரிசனத்துக்கு வந்திருந்தார். அவருடைய மகளும் என் மகள் பிறந்த அதே நாளில் பிறந்தவளாம். வெளிநாட்டில் படிப்பை முடித்துவிட்டாள், கல்யாணம் வைத்திருக்கிறார்கள். "ஃபிரேம் போட்டு ஸ்டேஜ்ல குடுக்கலாம்னு இருக்கேன் சார்" என்றார். அவர் சொன்ன தொகை ஃபீசின் இரண்டு தவணையையும் அடைத்துவிடும். நல்ல மனுஷர். பேரம்கூடப் பேசவில்லை. போனில் மகளுடைய படத்தைக் காட்டினார். கறுப்பு அங்கியும் தட்டையான தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே நாள், அதே வருஷம். என் மகள் அன்றைக்கு ராத்திரியும் தலையில் வலை மாட்டிக்கொண்டு லைனில் நிற்கப்போகிறாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண் மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? ஆனால் இருந்தது.

நாளைக் காலை தரிசனம் முடித்துவிட்டுக் கீழே வருகிறேன், பதினோரு மணிக்கு இதே கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் வட்டிக் கணக்கைச் சொன்னேன். அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே திரும்பினாள்.

"அவரு இன்னா ஃபைனான்ஸ் கம்பெனியா, அசலும் வட்டியும் கட்டறதுக்கு?"

"அசலுக்கு மேல தரோம் இல்ல? அப்புறம் இன்னா?"

"நான் துட்டு தரேன்னு வேண்டிக்கல. துட்டுன்னா அன்னிக்கி அஞ்சறப் பெட்டில சில்லற இருந்துச்சு, அத்த முடிஞ்சிருப்பேன். அந்த நோட்டுல எம் பொண்ணு தேதி கீது. இவளுக்குப் பதிலா இத்த எடுத்துக்கோன்னு சொல்லித்தான் முடிஞ்சேன். இத்த இன்னொருத்தன் ஊட்டுக்கு வித்துட்டு, அவரு என்னுது எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

இத்தனை வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. காசு கிடைக்காத அவசரத்தில் கைக்கு வந்ததை உருவினாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சாமியிடம் அவ்வளவு கணக்கு வழக்கு கிடையாது. ஆனாலும் பயந்தேன். அப்படியும் விடவில்லை.

"அவளுக்காக முடிஞ்சதுதானே? அவ படிப்புக்காக அவுக்கக்கூடாதா?"

மனைவி அழுதாள். புளிக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டதில் எரிச்சல் வந்து இன்னும் அழுதாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து, அலிபிரியில் மலைப்படி தொடங்கும் இடம் வரைக்கும் நடந்து, அங்கே ஒன்றும் செய்யாமல் திரும்பி நடந்து வந்தேன்.

மறுநாள் காலை மகள் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தாள். வீட்டில் இரண்டு பேரும் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். பையைக் கழற்றக்கூட இல்லை. "இன்னா ஆச்சு?" என்றாள். ஒருத்தரை ஒருத்தர் இடைமறித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னோம். காலேஜ் போன், நாணயக் கடை, மெட்ராஸ்காரர், ஆஸ்பத்திரி வேண்டுதல், செத்துப்போன நோட்டு. அவள் இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டு தின்றுகொண்டே கேட்டாள்.

"நீ படிக்கணும்னு நெனைக்கிறியா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல" என்றேன். அதுவரை அவளிடம் கேட்கவே இல்லை என்பது கேட்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

"படிக்கணும் நைனா. லைன்ல நிக்கும்போதுகூட கணக்கு போட்டுக்கினுதான் நிக்கறேன், இந்த வருஷம் விட்டா போச்சுன்னு." தண்ணீர் குடித்தாள். "ஆனா அந்த நோட்ட வித்துட்டு வர துட்டுல படிச்சா, அம்மா தெனம் நான் காலேஜ்லருந்து திரும்பி வர்ற வரிக்கும் வாசல்லயே நிப்பா. எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் இந்த நோட்டுதான்னு சொல்லுவா. அத்த மல மேல கொண்டுபோயி போட்டுடலாம்."

"செல்லாத நோட்டும்மா" என்றாள் மனைவி.

"எது செல்லும் எது செல்லாதுன்னு அவருக்கு பேங்க்காரன் வந்தா சொல்லணும்?"

மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருஷம் படத்துக்குப் பின்னால் கிடந்ததை ஒரு வாய் இட்லிக்கு நடுவில் தீர்த்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, நிம்மதியும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கே கிளம்பினோம். தூங்கிவிட்டு நாளைக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, "நாளைக்குன்னா இன்னும் பத்து வருஷம் ஆவும்" என்றாள் மகள். அலிபிரியில் படி ஏறத் தொடங்கும்போது மணி பதினொன்றுதான் இருக்கும். மெட்ராஸ்காரர் கடையில் உட்கார்ந்திருப்பார். மன்னித்துக்கொள்ளுங்கள், நோட்டு விற்பனைக்கு இல்லை என்று கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் தெலுங்கில் திட்டியதை இங்கே எழுத முடியாது. படியேறும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தொகை என் தலைக்குள் வந்து போனது. இப்போது இறங்கி ஓடினால்கூடப் பிடித்துவிடலாம் என்று பாதி வழிக்கு மேல் இருக்கும் காலிகோபுரம் வரைக்கும் நினைத்துக்கொண்டே ஏறினேன்.

இலவச தரிசன வரிசையில் நின்று நின்று உண்டியல் அருகே வந்தபோது மனைவி இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். ஒரே ஒருமுறை அவிழ்த்து அந்த எண்ணைப் பார்க்கவேண்டும் என்று என் கை பரபரத்தது. நான் கேட்கவில்லை. கூட்டம் தள்ளியது. மனைவி துணியை மகள் கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு போட்டாள். வெளியே வந்ததும் லட்டு வரிசையில் மகள் நின்றபடியே தூங்கிவிட்டாள். மனைவி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முந்தானையால் விசிறினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

தெளிவெல்லாம் சரி, ஃபீசுக்கு என்ன செய்வது? கீழே இறங்கியதும் என் அரிப்பு மறுபடி தொடங்கிவிட்டது. ஆல்பத்தை மொத்தமாகக் கடைக்காரரிடம் கொடுத்தால் வருவது ஒரு தவணைக்குக்கூடக் காணாது. எந்த தேதி யாருக்கு வேண்டும் என்று எங்கே போய்த் தேடுவது என்று அவர் கேட்டது ஞாபகத்துக்கு வந்தது. நான் இருப்பது அலிபிரி. உலகத்தில் உள்ள எல்லாத் தேதியிலும் பிறந்தவர்கள் தினம் தினம் என் வீட்டைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

லீவு நாட்களிலும் ஷிஃப்ட் முடிந்த சாயங்காலங்களிலும் ஆல்பத்தோடு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரருக்கு அவருடைய தேதி நோட்டை இனாமாகக் கொடுத்துவிட்டதால் பெஞ்சு எனக்கு. 'உங்கள் பிறந்த தேதியில் ரூபாய் நோட்டு' என்று தமிழிலும் தெலுங்கிலும் அட்டையில் மகள் எழுதித் தந்தாள். ஒரு இடத்தில் கால் மணி நேரம் உட்காராத எனக்கு அது ஜெயில்தான். மலையிலிருந்து மொட்டையடித்துச் சந்தனம் பூசி இறங்கி வருகிறவர்கள், பஸ்சுக்கு நேரம் இருந்தால் நிற்பார்கள். தேதி சொல்வார்கள். நான் புரட்டுவேன். பெரும்பாலும் இருக்காது. நான்கு நாள் முன்னால், இரண்டு மாதம் பின்னால் என்று எதையாவது காட்டினால் முறைப்பார்கள்.

இருந்துவிட்டால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். திருத்தணிப் பக்கத்துக்காரர் ஒருவர் கைக்குழந்தையோடு நின்று பேரன் தேதியைக் கேட்டார். இருபது ரூபாய் நோட்டில் இருந்தது. "அட, எம் பேரனுக்கு கவர்மென்டே நோட்டு அடிச்சிருக்குதுடி!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இருவது ரூபா நோட்ட இவ்ளோ துட்டு குடுத்து வாங்கறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று அந்த அம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சண்டை போட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டு போனார்கள். நான் ஒரு தேதியை விற்கும்போதெல்லாம் என் பல்லை யாரோ பிடுங்குகிற மாதிரி இருக்கும். ஆள் தெருவைத் தாண்டியதும் வலி போய்விடும்.

முதல் தவணைக்கு அப்படியும் கொஞ்சம் துண்டு விழுந்தது. மீதி ஆல்பத்தைக் கடைக்காரரிடமே தள்ளிவிட்டு அதைச் சமாளித்தேன். அவர் இன்னும் கோபமாகத்தான் இருந்தார், ஆனால் எடுத்துக்கொண்டார். இரண்டாவது தவணைக்கு டிசம்பர் வரை நேரம் இருக்கிறது. அதை நினைத்து இப்போதே அலைய ஆரம்பித்துவிட்டேன், அது வேறு விஷயம்.

மகளுடைய பக்கத்தை மட்டும் விற்கவில்லை. நூறு, ஐம்பது, இருபது, பத்து. நான்கையும் உறையில் போட்டு, "உன் தேதி, உன்கிட்டயே இருக்கட்டும்" என்று அவள் கையில் கொடுத்தேன். பெரிய மனுஷனாக நடந்துகொண்டதாக எனக்கு நினைப்பு. அவள் வாங்கிப் பர்சில் செருகிக்கொண்டாள்.

கல்லூரி திறந்த முதல் நாள். சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாக வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். வகுப்பு எப்படி, பழைய பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா, பாடம் புரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"திட்டாத நைனா. காலைல ஷேர் ஆட்டோக்காரன் ஸ்கேனர் வேல செய்யலன்னுட்டான். பத்து ரூபா சில்லற இல்ல. லேட்டாயிருச்சு. உன் நோட்ட குடுத்துட்டேன்."

எந்த நோட்டு என்று கேட்கவேண்டியதே இல்லை. ஐந்து நல்ல தேதிகளைக் கொடுத்து வாங்கிய நோட்டு. வாயில் வந்ததை எல்லாம் கத்தினேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். ஒவ்வொரு டிரைவர் பாக்கெட்டையும் பார்த்தாவது கண்டுபிடித்துவிடுவது என்றுதான் போனேன்.

தெரு முனைவரை போய் வண்டியை நிறுத்தினேன். வீட்டுக்குள் அவள் அம்மாவிடம் உரக்கப் பேசுவது அங்கே வரைக்கும் கேட்டது. மூன்றாம் வருஷப் புத்தகங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சேர்த்த அத்தனை நோட்டிலும் அந்தப் பத்து ரூபாய்தான் அவளை நேராகக் காலேஜ் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.